சபீனாவின் பத்து மணி அழைப்பு

காலை பத்து மணிக்கு சபீனாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் என்ன கேட்பார் என்று, மெஷின் வைத்துத் தூங்கும் நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் தெரியும். போன வியாழக்கிழமை அந்த எண்ணில் ஓர் ஆண் குரல் பேசியது. "சார், நான் சபீனாவோட தம்பி. அக்கா நேத்து சாயங்காலம் மௌத்தாயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, அவ்வளவுதான். இன்னைக்குப் பேச வேண்டிய லிஸ்ட்டுல உங்க பேரு இருந்துச்சு." இறந்தபோது சபீனாவுக்கு வயது நாற்பத்திரண்டு. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு எனக்கு. இரவில் மாஸ்க் மாட்டி, மெஷினிலிருந்து காற்று வாங்கித் தூங்க வேண்டும். யார் எத்தனை மணி நேரம் மாட்டினார்கள் என்பது மன்னார்புரத்தில் மெஷின் கம்பெனி ஆபீசில் இருக்கும் சபீனாவின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அதைப் பார்த்துவிட்டு, மாஸ்க்கை ஏன் கழற்றினோம் என்று காலையில் போனில் கேட்பதுதான் அவர் வேலை.

என் மனைவி வசந்தாவால் அந்த மாஸ்க்கைப் பார்க்க முடியவில்லை. அவள் தம்பி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்து இறந்தவன். நான் மாட்டினால் அழுதாள். மாட்டாவிட்டால் என் மூச்சு நிற்கும்போதெல்லாம் உலுக்கி எழுப்ப விழித்துக் கிடந்தாள். பல வருடங்களாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

சபீனாவிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. தொழிற்சாலையில் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். கணக்கு சரியாக இருக்கட்டும் என்று, வசந்தா கோயிலுக்குப் போகும் நேரமாகப் பார்த்து மாஸ்க்கை மாட்டிக்கொண்டு டிவி பார்த்தேன். மூன்றாம் நாள் அழைப்பு வந்தது.

"சார், சாயங்காலம் நாலு மணிக்கா தூங்குறீங்க? அதுவும் நடுவுல நடுவுல மாஸ்க்கைக் கழட்டியிருக்கீங்க. முறுக்கு சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டிருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "மாட்டுறது ஒருத்தர்னாலும் பழக வேண்டியது ரெண்டு பேரு சார். அக்காகிட்ட போனைக் குடுங்க" என்றார்.

வீடியோ அழைப்பில் வசந்தாவோடு அரை மணி நேரம் பேசினார். முதலில் தம்பியைப் பற்றித்தான் கேட்டார். கடைசியில், "நீங்களே ஒரு தடவை மாட்டிப் பாருங்கக்கா. அப்புறம் சோப்பு போட்டுக் கழுவிக்கலாம்" என்றார். வசந்தா மாட்டினாள், கண்ணை மூடினாள், கழற்றினாள். "முக்கொம்புல பாலத்து மேல நின்னா அடிக்கிற காத்து மாதிரில்ல இருக்கு" என்றாள். அன்று இரவு அவளே எனக்கு மாஸ்க்கின் பட்டையை இழுத்து மாட்டிவிட்டாள்.

தம்பி சொன்ன செய்தி கேட்டதும் பாலக்கரையில் சபீனாவின் வீட்டுக்கு நானும் வசந்தாவும் போனோம். நம் குழுவில் குரலாக மட்டுமே தெரிந்தவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். நான் பெயரைச் சொன்னதும் அவர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "முறுக்கு சாரா நீங்க?" என்று கேட்டுவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

சபீனா, உங்களிடம் ஒன்றைச் சொல்ல நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இப்போதெல்லாம் வசந்தா எனக்கு முன்பே தூங்கிவிடுகிறாள். என் மூச்சை அவள் கேட்டுக்கொண்டு கிடப்பதில்லை. நீங்கள் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அவளுடைய அந்தத் தூக்கம்தான். லேசாகக் குறட்டைகூட விடுகிறாள். நான் எழுப்புவதில்லை.