மோர்க்குழம்பு வைத்தியம்

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம் ஒன்று உண்டு. நுண்ணுயிரிகளால் மனிதனுக்கு என்ன நன்மை என்கிற பாடம். பாலைத் தயிராக்குகிற பாக்டீரியாவில் ஆரம்பிப்பேன். அது குடலுக்குள் போய் என்ன செய்யும், எவ்வளவு சூடு பட்டால் செத்துப்போகும் என்பதையெல்லாம் படம் போட்டு விளக்குவேன். கடலூரில் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தை என்னைவிட நன்றாக நடத்த ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்போடுதான் என் மனைவிக்கு ஒரு மாதம் முழுக்கத் தயிரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன்.

என் மனைவி ஆரி வேலை செய்கிறவள். கல்யாணப் பெண்களின் ரவிக்கைக் கையிலும் முதுகிலும் கொக்கி ஊசியால் மயிலும் தாமரையும் போடுவாள். முகூர்த்த மாதங்களில் எங்கள் கூடத்தில் கட்டிலுக்குப் பதில் துணியை இழுத்துக் கட்டுகிற அவளுடைய மரச்சட்டம்தான் கிடக்கும். நான் சுவரோரமாக நடந்து சமையலறைக்குப் போக வேண்டும். அதைப் பற்றி நான் நிறைய முணுமுணுத்திருக்கிறேன். போன வருஷம் ஒரு காலையில் அவளால் பால் பாக்கெட்டைக் கிழிக்க முடியவில்லை. விரல்களெல்லாம் வீங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட மறுத்தன. ஊசியைப் பிடிக்க அந்த இரண்டும்தான் வேண்டும்.

சிதம்பரத்தில் மூட்டு நோய்க்கென்று ஒரு டாக்டர் அம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். முடக்குவாதம் என்றார். உடம்பு தன் மூட்டையே எதிராளி என்று நினைத்துக்கொண்டு அடிக்கிற நோய். அதை அடக்க வாரம் ஒரு தடவை மட்டும் போட்டுக்கொள்கிற மாத்திரை கொடுத்தார். விரல் சரியாக மூன்று நான்கு மாதம் ஆகும், நடுவில் விட்டால் விரல்கள் கோணலாகவே நின்றுவிடும் என்றும் சொன்னார். அவர் சொன்னது சரி. விரல் சரியாகத்தான் மாதக்கணக்கு. வயிறு கெட்டுப்போக ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. திங்கட்கிழமை காலையில் குமட்டல், வாயெல்லாம் புண், வயிற்றுப்போக்கு. புதன்கிழமை கொஞ்சம் தெளிவாள். சனிக்கிழமை ஒழுங்காகச் சாப்பிடுவாள். மறுநாள் மறுபடி ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். இதற்கு நடுவில் விரல் வலி தாங்காமல் துடித்தாள் என்று மெடிக்கலில் நானாகக் கேட்டு வலி மாத்திரை வேறு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எரிகிற வயிற்றில் அது எண்ணெய் ஊற்றியது. உயிரியல் வாத்தியார் செய்கிற வேலைதான்.

ஒரு திங்கட்கிழமை அவள் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

“இந்த மாத்திர எனக்கு வேணாங்க. வெரலு போனா போவட்டும். ஒரு வாய் சோறு நிம்மதியா துன்னா போதும்.”

சொல்லிவிட்டுச் சட்டத்தைக் கழற்றிக் கட்டிலுக்குப் பின்னால் நிற்க வைக்கச் சொன்னாள். கூடம் காலியாகிவிட்டது. நான் இனிமேல் நேராக நடக்கலாம். எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் மாத்திரையை விட்டால் விரலை விடுகிறாள், விரலை விட்டால் ஊசியை விடுகிறாள். ஊசி இல்லாத அவளை எனக்குத் தெரியாது.

அந்த வாரமே சிதம்பரத்துக்குக் கூட்டிப் போனேன். வலி மாத்திரை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. டாக்டர் கேட்கவில்லை, நானும் என் மதிப்பைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

“மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. வயித்த தாங்க வைக்கப் பாக்கலாம்” என்றார் டாக்டர். “தினமும் வீட்டுத் தயிர் சேத்துக்குங்க. நார்ச்சத்து இருக்குறத கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. கொடல்ல இருக்குற நல்ல கிருமிக்கு அதான் சாப்பாடு. அந்தக் கிருமியவே மாத்திரையா கடைல விக்கிறாங்க, அத எங்கிட்ட கேக்காம வாங்காதீங்க. இவுங்க சாப்புடறது எதிர்ப்பு சக்திய கொறைக்கிற மருந்து.”

“நான் பயாலஜி டீச்சர் மேடம்” என்றேன்.

“அப்ப நல்லதாப் போச்சு” என்றார். பாவம், நம்பிவிட்டார்.

அன்றிலிருந்து சமையலறை என் கைக்கு வந்தது. தயிர் தோய்ப்பதுதான் முதல் வேலை. முதல் நாள் பால் சூடாக இருந்தபோதே உறை ஊற்றினேன், திரிந்தது. இரண்டாம் நாள் ஆறிப்போன பாலில் ஊற்றினேன், காலையிலும் பாலாகவே இருந்தது. மூன்றாம் நாள் கொழகொழவென்று நூல் விட்டது. ஒருவழியாகக் கத்தியால் வெட்டுகிற மாதிரி ஒரு தயிர் விழுந்தபோது, அதைப் படம் எடுத்து ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யாரும் பதில் போடவில்லை. தலைமையாசிரியர் மட்டும் மறுநாள் வருகைப் பதிவேட்டைப் பற்றிக் கேட்டார்.

தயிர் தயார் ஆன அன்றைக்கு நெல்லிக்குப்பத்திலிருந்து என் மனைவியின் அக்கா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“மூட்டு வலிக்காரிக்கு யாராச்சும் தயிரு குடுப்பாங்களா? குளுச்சி ஏறி கை காலு மொத்தமா புடிச்சிக்கும். அவுரு வாத்தியாரு, படிச்சத சொல்லுவாரு. ஒடம்பு உன்னுது.”

என் மனைவி கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டாள். அந்த இடத்தில் நான் என் பாடத்தை நடத்தியிருக்க வேண்டும். தயிருக்கும் மூட்டு வீக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் முழங்குகிற வாய், ஒரு அக்காவின் போனுக்கு முன்னால் மூடிக்கொண்டது. அதைவிட மோசம், எனக்கு ஒரு யோசனை வந்தது. தயிரில் இருக்கிற குளிர்ச்சிதானே பிரச்சினை? அதைச் சூடு பண்ணிவிட்டால்?

மோர்க்குழம்பு வைத்தேன். டாக்டருக்குத் தயிர் ஆயிற்று, அக்காவுக்குச் சூடு ஆயிற்று. ஒரு நாள் பூசணிக்காய், ஒரு நாள் வெண்டைக்காய், ஒரு நாள் காய் இல்லாமல் வெறும் மோர் ரசம். இஞ்சியும் சீரகமும் அரைத்துப் போட்டு, நன்றாக நுரை கட்டிப் பொங்கும்வரை அடுப்பில் விடுவேன். கொதி வரும்போதெல்லாம் மனசுக்கு நிறைவாக இருக்கும். உள்ளே கோடிக்கணக்கான உயிர்கள் வெந்துகொண்டிருந்தன.

நார்ச்சத்திலும் இதே கெட்டிக்காரத்தனம்தான். அவள் வயிறு புண்ணாக இருக்கிறது, கரடுமுரடாக எதுவும் போகக்கூடாது என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். கேழ்வரகுக் கூழை வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். கொய்யாப்பழத்தில் தோலைச் சீவி, விதையைச் சுரண்டி எடுத்தேன். கேரட்டைச் சாறு பிழிந்து டீ வடிகட்டியில் இன்னொரு தடவை வடித்தேன். நார் என்று பெயர் சொல்லக்கூடிய எல்லாமே சக்கையாகப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போயிற்று. அந்த ஒரு மாதத்தில் எங்கள் தெருவிலேயே வயிறு நன்றாக இருந்தவை அந்தக் கோழிகள்தான்.

என் மனைவி இளைத்துக்கொண்டே போனாள். “இந்த மாசத்தோட சரி. டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்திடுறேன்” என்றாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

அடுத்த முறை சிதம்பரம் போனோம். டாக்டர் எடை பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார்.

“தயிர் சாப்புடறீங்களா?”

“தவறாம குடுக்குறேன் மேடம்” என்று நான் முந்திக்கொண்டேன்.

“மோர்க்கொழம்பா” என்றாள் என் மனைவி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “கொதிக்க வெச்சா?”

“நல்லா பொங்க வெச்சி. தெனமும். பழமெல்லாம் தோலு சீவி, கூழு வடிகட்டி... ரொம்ப கஷ்டப்படறாரு.” அவள் எனக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

“சார், நீங்க என்ன சப்ஜெக்ட்டுன்னு சொன்னீங்க?”

சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்தேன். அதைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். பெருங்குடல், சிறுகுடல், குடல்வால், எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவேன். எனக்கு எங்கே அம்புக்குறி போடுவது என்றுதான் தெரியவில்லை.

வலி மாத்திரை விஷயமும் அன்றைக்கே வெளியே வந்துவிட்டது. என் மனைவிதான் அட்டையை எடுத்துக் காட்டினாள். டாக்டர் அதை அடியோடு நிறுத்தினார். வாராந்திர மாத்திரையை ஊசியாக மாற்றினார், வயிற்றைக் கொஞ்சம் விட்டுவைக்கும் என்றார். கூடவே கொடுத்திருந்த ஃபோலிக் ஆசிட் மாத்திரையின் அளவைக் கூட்டினார். தயிரும் நாரும் துணைக்குத்தான், எவ்வளவு காப்பாற்றும் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் செத்த தயிர் நிச்சயம் காப்பாற்றாது என்றார். கடைசியாக என்னை விட்டுவிட்டு அவளிடம் பேசினார்.

“தயிரால மூட்டு வீங்காதும்மா. பச்சையா ஒரு கிண்ணம் சாப்புட்டுப் பாருங்க. வீங்குச்சின்னா எனக்கு போன் பண்ணி திட்டுங்க.”

மறுநாள் மத்தியானம் அவள் கொதிக்காத தயிரைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம்வரை விரல்களை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காதபோது நானும் பார்த்தேன். உயிரியல் வாத்தியாருக்கு அன்றைக்கு அக்காவின் மேல்தான் நம்பிக்கை அதிகமாக இருந்தது. விரல் அதற்குமேல் வீங்கவில்லை. நெல்லிக்குப்பத்துக்கு இதை யாரும் சொல்லவில்லை.

இத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நாரை வடிகட்டியது தப்பு என்று தெரிந்ததும் நாரை மூட்டையாக இறக்கினேன். அண்ணாகிராமத்துப் பக்கம் தோப்பு வைத்திருக்கிற சக ஆசிரியர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்குப் பலாப்பழம் கொண்டுவந்திருந்தார். பாதிப் பழத்தை வாங்கி வந்து மத்தியானம் சுளை, ராத்திரிக்குப் பலாக்கொட்டைக் குழம்பு, தொட்டுக்கொள்ள வாழைத்தண்டுப் பொரியல் என்று போட்டுவிட்டேன். ‘கொஞ்சம் கொஞ்சமா’ என்று டாக்டர் சொன்னது எனக்குக் காதில் விழுந்ததாகவே ஞாபகம் இல்லை. அவள் வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் அதே நிலைமைதான் என்பதால் நானும் அதிகம் பேசும்படியாக இல்லை. வகுப்பில் அன்றைக்குப் பிள்ளைகளைப் பாடத்தைத் தாங்களாகவே படிக்கச் சொல்லிவிட்டு நான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் சமையலறையின் நிர்வாகம் அவள் வாய்க்கும் என் கைக்குமாகப் பிரிந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வாள், நான் செய்வேன். “கீர ஒரு கரண்டி போதும்.” “கொய்யாவ தோலோட வைங்க, ஆனா பாதிதான்.” “பச்சப்பயிறு நாளைக்கி.” சொந்தமாக எதுவும் யோசிக்கக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பான உத்தரவு. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, நான் யோசிக்காமல் இருந்த நாட்களில்தான் வீடு நன்றாக இருந்தது. குமட்டல் ஒரு நாளாகச் சுருங்கியது. பிறகு அரை நாள். வாய்ப்புண் ஆறியது. மருந்தை நிறுத்துகிறேன் என்கிற பேச்சு ஒரு வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. வந்துவிடுமோ என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனாலும் விரல் விஷயத்தை நாங்கள் இருவரும் பேசவில்லை. வீக்கம் வடிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. கொக்கி ஊசியைத் தொட்டுப் பார் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பிடிக்க வராமல் போய்விட்டால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? அவளும் கட்டிலுக்குப் பின்னால் நின்ற சட்டத்தின் பக்கம் போகவில்லை.

போன மாதம் சிதம்பரம் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு, கீழ வீதியில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். அவள் கேட்டு இரண்டாம் தடவை கொத்சு வாங்கினாள். திரும்புகிற பஸ்ஸில் எங்களுக்கு மூன்று பேர் உட்காருகிற இருக்கை. ஜன்னல் பக்கம் ஒரு பெரியவர், ஆலப்பாக்கம் போகிறவர். பையில் இருந்த ஸ்கேன் கவரைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன என்று விசாரித்தார். நடுவில் நான், இந்தப் பக்கம் அவள். எனக்குக் கேட்கவா வேண்டும்?

“மூட்டு வியாதிங்க. மருந்து வயித்த காலி பண்ணிடுச்சி. டாக்டரே கைய விரிச்சிட்டாங்க. அப்புறம் நான்தான் தயிரு, நாரு, எல்லாம் ஒரு முறையா வெச்சி...”

தொடையில் சுரீர் என்றது. வேட்டியோடு சேர்த்துச் சதையைப் பிடித்து, திருகி, விட்டாள். முகத்தைத் திருப்பிக் கண்டக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பேச்சை நிறுத்தினேன். வலித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால்தான் அப்படி வலிக்கும். சும்மா சேர்ந்தால் போதாது, அழுத்த வேண்டும், அழுத்தித் திருக வேண்டும். அவள் தன் விரலைக் கவனிக்கவே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெரியவர், தூசியா தம்பி என்று கேட்டார்.

“இல்லிங்க” என்று சொல்லி அவர் பக்கம் திரும்பினேன். “எங்க விட்டேன்? ஆங். மோர்க்கொழம்புங்க. அதுதான் இதுக்கு கைகண்ட மருந்து. கண்டுபுடிச்சதே நான்தான்.”

சொல்லிவிட்டு, தொடையை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.