ஒரு சாண் உயரத்தில் மோட்டார் சைக்கிள்

எங்கள் கடற்கரையில் பனி கொட்டுவதில்லை, மாரிதான் கொட்டும். ஆனாலும் ஐம்பதுகளில் ஒரு வருடம் நான் என் மோட்டார் சைக்கிளைப் பனிக்காலத்துக்கென்றே கட்டிவைத்தேன். கல்லோயாவில் அணை வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார என்ஜினியர்தான் அதை எனக்கு விற்றவர். அவர்கள் நாட்டில் பனி மாதங்களில் வண்டியை எப்படி நிறுத்திவைப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதியும் தந்திருந்தார். நான் பள்ளிக்கூட வாத்தியார். எழுத்தில் இருந்தால் எதையும் நம்பிவிடுவேன்.

அந்த வண்டி இல்லாவிட்டால் நான் வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை. மனைவியின் ஊரான சாய்ந்தமருதில் என்னை அப்படித்தான் கேலி பண்ணினார்கள். நான் படிப்பித்தது ஆற்றுக்கு அப்பால், நாவிதன்வெளிப் பக்கம். கலியாணம் முடித்த முதல் வருடம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே தங்கியிருந்து, வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வந்து, ஞாயிறு பின்னேரம் திரும்பிவிடுவேன். வண்டி வாங்கியபிறகுதான் தினமும் என் மனைவியின் கையால் சாப்பிடக் கிடைத்தது. மாரியில் நான் போகும் கிட்டங்கி வீதியில் தண்ணீர் ஏறிவிட்டால் தோணிதான். பழையபடி வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைதான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தை மாதம் தண்ணீர் வடியும்போது வண்டி கிளம்பியே ஆகவேண்டும். பழுதாகிப்போனால் இன்னொன்று வாங்க எனக்கு வழியில்லை.

ஆகவே தாளில் இருந்தபடி வரிக்கு வரி செய்தேன். டாங்கியிலிருந்த பெற்றோலைப் போத்தல்களில் வடித்தேன். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தால் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, நாலைந்து தடவை உதைத்தேன். சங்கிலியைக் கழற்றி எண்ணெய்த் தகரத்தில் ஊறப் போட்டேன். கடல் உப்புக்குப் பயந்து கம்பி கம்பியாகக் கிறீஸ் பூசினேன். புகைக்குழாயில் எலி குடியிருக்காமல் இருக்கப் பழந்துணி அடைத்தேன். சில்லுகள் தரையில் படக்கூடாது, ஒரு சாண் உயர்த்தினால் போதும் என்று எழுதியிருந்தது. தென்னங்கட்டை வைத்துச் சரியாக ஒரு சாண் உயர்த்தி, தடித்த படங்குத் துணியால் மூடிக் கட்டினேன்.

இதெல்லாம் நடந்தது முன்னறையில். அந்த வீடு என் வீடல்ல. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். மாமனார் என் கலியாணத்துக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். மாமியோ என் முன்னால் வரமாட்டார், என்னோடு கதைக்கவும் மாட்டார். மருமகனிடம் காட்டும் மரியாதை அது. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லுவார், மகள் என்னிடம் சொல்லுவாள். இரண்டு வருடமாக நான் மாமியின் முக்காட்டு நுனியைத்தான் பார்த்திருந்தேன்.

நான் படங்கைக் கட்டி முடித்த அன்றும் கதவுக்குப் பின்னால் ஏதோ குசுகுசுப்பு. மனைவி வந்தாள்.

"மாரி முடியுமட்டும் இது இஞ்சதான் நிக்குமா எண்டு உம்மா கேக்கிறா."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "ஏன், உன்ட உம்மாக்கு இடைஞ்சலா இரிக்கா? சொல்லச் சொல்லு, நாளைக்கே மருதமுனைக்கு எங்கட வீட்ட உருட்டிக்கிட்டுப் போறன்." கதவுக்கும் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

"உம்மா அப்பிடிச் சொல்லல்ல."

"பின்ன எப்பிடிச் சொன்னா?"

மனைவி உள்ளே போய்விட்டாள். அந்தச் சனி, ஞாயிறு முழுவதும் நெல்லறையில் மூட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. நெல் குத்த வரும் பெண்ணையும் சேர்த்துக்கொண்டு மாமி எதையோ உருட்டிப் புரட்டிக்கொண்டிருந்தார். என்மேல் உள்ள கோபத்தை மூட்டையில் காட்டுகிறார் என்று நினைத்தேன். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகு மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் முற்பகல், மனைவி நாலு வீடு தள்ளிக் காய்ச்சலில் கிடந்த, மாமியின் தங்கையான சாச்சியைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், வீட்டு வளவில் நின்ற தண்ணீர் படியேறி உள்ளே வந்தது. முதலில் கால் விரல் நனைந்தது. கொஞ்ச நேரத்தில் கணுக்கால். பிறகு நான் அளந்து வைத்த ஒரு சாண் கட்டைகள் தண்ணீருக்குள் போய்விட்டன.

தாளை எடுத்துப் பார்த்தேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்: வீட்டுக்குள் வெள்ளம் வரும்போது நின்று வாசித்துப் பார்த்த ஆள் நான். பனி என்று இருந்தது. வெள்ளம் என்று எங்கும் இல்லை. வண்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன், அசையவில்லை. எஞ்சினுக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளிதான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் பின்னால தள்ளுறன். நீங்க நெல்லறைப் பக்கம் திருப்புங்க."

குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. மாமி முன்னறை நடுவில், முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் நின்றார்.

படங்கை இழுத்து எறிந்தேன். கட்டையிலிருந்து இறக்கி, எஞ்சினின் அடி நனைந்தாலும் மேற்பகுதி முங்குமுன், தண்ணீருக்குள்ளால் விறுவிறென்று உருட்டினோம். நெல்லறையில் மூட்டை அடுக்கும் மரத்தட்டு என் முழங்காலுக்கு மேல் உயரம். அதன் ஒரு பக்கம் மூட்டைகள் ஓடு முட்ட அடுக்கியிருந்தன. மறுபக்கம் வெறுமையாகக் கிடந்தது, ஒரு மோட்டார் சைக்கிள் நீளத்துக்கு. ஏற்றுவதற்குப் பலகை ஒன்றும் சாய்த்து வைத்திருந்தது.

"இது என்ன மாமி?" அவர் முகத்தைப் பார்த்து நான் மாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஒங்கட வண்டிக்கெண்டு இந்தப் பக்கத்த ஒழிச்சி வெச்சி ரெண்டு கிழமையாகிது. ஒரு சாண் கட்டையில வெச்சா தண்ணி விடுமா? அதத்தான் கேட்டனான். நீங்க மருதமுனைக்கு உருட்டிக்கிட்டுப் போறண்டீங்க."

பலகை மேலால் முக்கி முனகி ஏற்றினோம். மேலே ஏறியதும் மாமி மூச்சு வாங்கிக்கொண்டே, தன் முந்தானையால் வண்டியின் சீற்றைத் துடைத்தார்.

"வருசம் முழுக்க வெள்ளிக்கிழமை மாப்புளயா இரிக்கிறத்துக்கா மனே, என்ட புள்ளய ஒங்களுக்குத் தந்த?"

தை மாதம் மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. மாமி வாசல் படலை வரை வந்து, பொழுதுபட முன்னம் வந்துவிடச் சொன்னார். என்னிடமே சொன்னார்.