உப்புக் கரித்த தம்ரூட்டும் இரண்டு சமையல் பள்ளிகளும்

காலை ஏழே கால். கோட்டக்குப்பத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். மடியில் ஓர் எவர்சில்வர் டப்பா, அதற்குள் தம்ரூட். ரவை, முட்டை, பால், சர்க்கரை, நெய் சேர்த்து, மேலும் கீழும் சூடு காட்டி எடுக்கும் எங்கள் வீட்டுப் பலகாரம். எங்கே போனாலும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எங்கள் பழக்கம். சமையல் பள்ளிக்கே பலகாரம் கொண்டு போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் கை கேட்கவில்லை.

இன்று இரண்டு பள்ளிகளைப் பார்த்து ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். ஒன்று விழுப்புரத்தில், மற்றது திண்டிவனத்தில். சமையலும் பேக்கரி வேலையும் சேர்ந்த ஒரு வருடப் படிப்பு. எனக்கு வயது நாற்பத்து மூன்று. கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார், ஊர் வந்து நான்கு வருடம் ஆகிறது. மகள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்டாள். நான் ஆறு வருடமாக வீட்டில் கேக் போட்டு விற்கிறேன். போன வருடம் அவர் பணம் அனுப்பிப் புது ஓவன் வாங்கச் சொன்னார். வாங்கினேன். அதிலிருந்து ஏனோ ஆர்டர் குறைந்துகொண்டே வருகிறது. "நல்லாருந்துச்சு" என்று சொல்லிப் போனவர்கள் திரும்பி வருவதில்லை. எங்கே தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. அது தெரியாவிட்டால் தொழிலை மூடிவிட்டு அந்த வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான். எனக்கு அதை நினைத்தாலே பயம்.

எட்டு மணிக்குப் புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் பஸ். சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். கண்டமங்கலம் தாண்டியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் டப்பாவைப் பார்த்தார்.

"முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்காம்மா? யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. படிக்கப் போறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "படி, படி. நான்தான் மழைக்குக்கூட பள்ளிக்கூடம் ஒதுங்கல." மடியிலிருந்து வேகவைத்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, அள்ளி நீட்டினார். நோன்பு என்று சொல்லி மறுத்தேன். ரமலானில் பெண்களுக்கு மாதவிலக்கால் விட்டுப்போகும் நோன்புகளைப் பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழிக்க வேண்டும். இன்றோடு நான்காவது. வளவனூரில் அவர் இறங்கிப் போனதும் பஸ் முழுக்கக் கூட்டமிருந்தும் எனக்கு வெறிச்சென்று ஆகிவிட்டது.

ஒன்பதரை. விழுப்புரம் பள்ளி பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஐம்பது ரூபாய் தூரம். கண்ணாடிக் கதவு, ஏ.சி., மூன்றடுக்கு ஓவன். அந்த ஓவனைப் பார்த்து எனக்கு நாக்கு ஊறியது என்றே சொல்லலாம். டை கட்டிய அட்மிஷன் மேனேஜர் ஒருவர் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். கட்டணம் எண்பத்தைந்தாயிரம். டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒரு துண்டை வாயில் போட்டார், ஒரு கிளாஸ் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"சூப்பர் மேடம்! வேர்ல்ட் கிளாஸ்! நீங்க எங்க பசங்களுக்கே கிளாஸ் எடுக்கலாம். இன்னிக்கே அட்வான்ஸ் போட்டுட்டீங்கன்னா சீட்டு கன்ஃபர்ம்."

என் கையால் செய்ததை ஓர் ஆள் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று! உச்சி குளிர்ந்து போனேன். பணம் கட்டப் போனைக்கூட எடுத்துவிட்டேன். திண்டிவனத்திலும் வருவதாகச் சொல்லியிருக்கிறோமே என்ற ஒரே காரணத்தால் அதைத் திரும்பப் பையில் போட்டேன்.

பன்னிரண்டரை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி, கூட்டேரிப்பட்டு, மயிலம் போகும் சாலை எல்லாம் கடந்து திண்டிவனம். முப்பத்தேழு கிலோமீட்டர். வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளி ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. உள்ளே சுத்தம், ஆனால் ஒரே ஒரு ஓவன், அதுவும் பழையது. கட்டணம் ஐம்பதாயிரம். சொல்லிக்கொடுக்கும் செஃப் என்னைவிடச் சின்னவர், முப்பத்தைந்து இருக்கும். மயிலம் பக்கத்துக்காரராம். தம்ரூட்டைக் கடித்தார். மெல்வதை நிறுத்தினார். டிஷ்யூ பேப்பரில் துப்பினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இத வாயில வெச்சிப் பாத்தீங்களா?"

"இல்லைங்க, நோன்பு."

"உப்புக் கரிக்குது."

முகம் சுருங்கிப் போனேன். பிறகுதான் நினைவு வந்தது. விடியற்காலையில் மாவு கலந்து உப்பு போட்டேன். நடுவில் தொழுகைக்குப் போனேன். திரும்பி வந்து மறுபடியும் போட்டிருக்கிறேன். நோன்பில் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்பார்கள். எனக்கு மனம் ஒப்புவதில்லை.

செஃப் விடவில்லை. துண்டைப் பிட்டு நடுவில் அழுத்தினார். "இது இன்னிக்கி வந்த தப்பு, உடுங்க. இங்க பாருங்க. மேல செவந்துக்கினு இருக்குது, நடுவுல வேகல. முட்டை வாடை வருது. உங்க ஓவன் காட்டுற சூடு ஒண்ணு, உள்ள இருக்கிற சூடு ஒண்ணு. எத்தினி நாளா இப்பிடி?"

ஒரு வருடமாக. ஆர்டர் கேக்கை வெட்டிப் பார்க்க முடியாது, முழுசாகக் கொடுத்தனுப்ப வேண்டும். எனக்கென்று கேக் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து தின்பேனா?

"நோன்பு நாள்ல கிளாஸுக்கு வந்தா நான் என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

அவர் உள்ளே காட்டினார். பத்துப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரின் ஏப்ரன் பையிலும் ஒரு ஸ்பூன். அடுத்த மேசைக்காரர் ருசி பார்த்துக் குறையைச் சீட்டில் எழுதித் தட்டில் ஒட்ட வேண்டுமாம். சீட்டு இல்லாத தட்டைச் செஃப் தொடவே மாட்டார். ஒரு தட்டில் 'சர்க்கரை தூக்கல், ரொட்டி செருப்பு மாதிரி' என்று எழுதியிருந்தது.

"நீங்க பாக்கலன்னா பக்கத்துல இருக்கிறவங்க பாப்பாங்கக்கா. சும்மா நல்லாருக்குன்னு எழுதிட்டா நான் உடமாட்டேன்."

அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். சாயங்காலம் வகுப்பு முடியும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். அந்த மூன்றடுக்கு ஓவனை நினைத்து இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

மாலை ஆறு இருபது. புதுச்சேரி பஸ், கிளியனூர் தாண்டி. பையிலிருந்த பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் கொண்டு நோன்பு திறந்தேன். பிறகு தம்ரூட்டில் ஒரு துண்டு எடுத்துக் கடித்தேன். உப்பு நாக்கைப் பிடுங்கியது. நடுவில் பச்சை மாவு. விழுப்புரத்துக்காரர் ஏன் அத்தனை தண்ணீர் குடித்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

போன் அடித்தது. வீடியோவில் கணவர்.

"தம்ரூட்டுக்கு என்ன சொன்னாங்க?"

"உப்புக் கரிக்குதாம், மச்சான். நடுவுல வேகலையாம். ஒரு வருஷமா இப்பிடித்தான் இருக்குதாம்."

"நீ அனுப்புற போட்டோல எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஆமா. நாலு வருஷமா நீங்க நல்லாருக்குன்னுதான் சொல்லிக்கினு இருக்கீங்க."

சிக்னல் போய்ப் படம் அப்படியே நின்றுவிட்டது.

ஏழே முக்காலுக்கு வீட்டு வாசலில் இருந்தேன். டப்பாவில் இன்னும் ஐந்து துண்டு மிச்சம், உள்ளே கொடுக்க ஆளில்லை. திங்கட்கிழமை முதல் பக்கத்து மேசையில் யாரோ ஒருத்தி நான் செய்ததைத் தின்றுவிட்டு என் எதிரிலேயே முகம் சுளிக்கப் போகிறாள். அந்த முகத்தை நினைத்துக்கொண்டே பூட்டைத் திறந்தேன்.