அடுத்தது நூறு

அன்று மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தோம்: வங்காளி முதலாளி, வசதியானவர்கள் வாழும் பாலிகஞ்சிலிருந்து வரும் எங்கள் தமிழ் சீனியர், இன்னும் நிரந்தரமாகாத நான். புரோகிராம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்தக் கப்பல் ஏஜென்சியிலிருந்து ஒருவரும் வரவில்லை. 1999 டிசம்பர்.

கிடங்கில் கிடக்கும் சரக்குக்கு வாடகை பில் அடிக்கிற புரோகிராம் அது. தேதி தரும் ஃபங்ஷன் வருஷத்துக்கு 99 என்று கொடுக்கும். முன்னால் '19' ஒட்டி அச்சடிப்போம். ஜனவரியில் '19'ஐ '20' ஆக்கினால் போதும் என்றார் சீனியர். போதாது என்றேன். அது வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம் அல்ல, 1900க்குப் பிறகு கழிந்த வருஷங்கள். அதோடு 1900ஐக் கூட்டத்தான் வேண்டும். கம்ப்யூட்டரின் தேதியை மாற்றிக் காட்டுகிறேன் என்றதற்கு, ஓடுகிற மெஷினில் கை வைக்காதே என்றார்.

"இத்தனை வருஷமா ரெண்டு இலக்கம்தானேப்பா வருது? உங்கப்பா கிடர்பூர் துறைமுகத்துல மூட்டை எண்ணுற மாதிரி விரல் விட்டு எண்ணிக்கிட்டிருக்கே."

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. இது எந்த வருஷம் என்று கேட்டால், துறைமுகத்தில் சேர்ந்து இத்தனை வருஷம் என்பார். அவர் பிள்ளைக்கு இந்த ஃபங்ஷன் புரியாமல் போகுமா?

"எண்ணித்தான் சார் சொல்றேன். இந்த வருஷம் தொண்ணூத்தொம்பது. அடுத்தது நூறு. சைபர் இல்ல."

சோதித்துச் சரிபார்த்ததாக ஏஜென்சிக்குக் கொடுக்கும் தாளில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சோதிக்காததற்கு எப்படிப் போடுவது? போடவில்லை. அப்படியானால் ஜனவரியில் நிரந்தரம் கிடையாது என்று முதலாளி அங்கேயே சொல்லிவிட்டார். வீட்டில் அதை நம்பித்தான் தங்கையைக் கல்லூரியில் சேர்த்திருந்தோம். அப்போதும் போடவில்லை.

சீனியர் சொன்னபடி '20' ஒட்டியதில், புத்தாண்டின் முதல் பில்லில் வருஷம் 20100 என்று விழுந்தது. பிறகு வந்ததெல்லாம் அப்படியே. சரக்குக்காரர்கள் பணம் கட்ட மறுத்து பில்களைத் திருப்பி அனுப்பினார்கள். முதலாளியே என் மேசைக்கு வந்து சரிசெய்யச் சொன்னார். நிரந்தர ஆர்டர் முதலில் வரட்டும் என்று வங்காள மொழியில் சொல்லிவிட்டு, கீபோர்டைத் தள்ளிவைத்தேன்.

"திமிரு," என்றார் சீனியர், முதலாளிக்குப் புரியாத தமிழில்.

"ஆமா சார்."

மத்தியானத்துக்குள் ஆர்டர் வந்தது. 1900ஐக் கூட்டும் அந்த ஒரு வரியை அடித்தேன். பில்கள் சரியாக வந்தன. ஆனாலும் ஏஜென்சிக்காரர்கள் விடவில்லை. திரும்பி வந்த பில்களின் நஷ்டத்துக்கென்று, எங்களுக்குத் தரவேண்டிய தொகையில் முப்பத்தெட்டாயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள்.