அலமாரி மேல் புளித்த நான்கு சீசாக்கள்

கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகும் அளக்கிற புத்தி போகவில்லை.

என் மகள் பொன்னேரி பக்கம் ஒரு கொட்டகை எடுத்து, இஞ்சியும் வெல்லமும் புளிக்கவைத்து நுரைபானம் செய்தாள். புளித்தால் கொஞ்சம் சாராயம் ஊறத்தான் செய்யும். நூற்றுக்கு அரைப் பங்குக்குள் இருந்தால் அது குளிர்பானம், தாண்டினால் மது. மது என்று ஆகிவிட்டால் அவளைப் போன்ற சிறு ஆளுக்கு உரிமம் கிடைக்காது, கொட்டகையை மூட வேண்டியதுதான். ஆகவே ஒவ்வொரு ஈட்டையும் நானே அளந்தேன். ஒன்றுகூடத் தாண்டவில்லை.

உரிமத்துக்கு மாதிரி கேட்டார்கள். ஐஸ் பெட்டியில் நான்கு சீசாக்களைத் திருவள்ளூர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். உதவியாளர் சீசாக்களை மட்டும் எடுத்து இரும்பு அலமாரியின் மேல் வைத்தார். பக்கத்து ஜன்னல் வழியே வெயில் நேராக விழுந்தது.

"தம்பி, ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். வெளிய இருந்தா புளிச்சிக்கினே இருக்கும்."

"எங்க சாருக்கே ஃபேன் ஓடல. நீங்க இன்னா பெரியவரே, சீசாவுக்கு ஏசி கேக்கறீங்க?"

"அப்ப பெட்டியோட வெச்சிக்கங்க."

"பெட்டிக்கு ரசீது போட முடியாது. எடுத்துகினு போங்க."

பிறகு அதிகாரி விடுப்பு, அப்புறம் தணிக்கை, அப்புறம் ஆய்வகத்துக்கு அனுப்ப வண்டி இல்லை. போகிற போதெல்லாம் அலமாரியைப் பார்த்து எண்ணினேன். நான்கு, நான்கு, மூன்று. ஒன்று வெடித்து, கோப்புகள் மேல் பிசுபிசுவென்று வழிந்திருந்தது.

"உங்க சரக்கால பேஜாராப் பூட்ச்சு" என்றார் உதவியாளர்.

ஒருவழியாக அறிக்கை வந்தது: வரம்பைத் தாண்டிவிட்டது, உரிமம் இல்லை. அதிகாரியிடம் கணக்கோடு விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா டெஸ்ட் பண்ண அன்னிக்கு இருந்தத தானே எழுத முடியும்?"

"புது மாதிரி தரலாமா?"

"குடுங்க. அதையும் இங்கதான் வைக்கணும்."

"உடு நைனா" என்றாள் மகள். கொட்டகையில் இருந்த மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினாள்.

இப்போது அதே கொட்டகையில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். கடைக்காரர்கள் பாக்கெட்டுகளை வெளியிலேயே போட்டுவைக்கிறார்கள். மத்தியானத்துக்குள் புளித்து உப்பிக்கொள்கின்றன. அவற்றில் மாதிரி கேட்டு யாரும் வரவில்லை. நான்தான் கடை கடையாகப் போய் உப்பினவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.