கப்பல் பாஷையில் ஒரு வயிற்றுவலி

போன வாரம் மில்லர்புரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், வலியில் சுருண்டு கிடந்த மனிதனிடம் "பம்ப் ஓடுதா?" என்று கேட்டேன்.

டாக்டர் முன்னால்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கப்பல் வந்ததும் ஏறிப் பேப்பர்களை வாங்குவது, கேப்டனுக்கு என்ன வேண்டும் என்று கேட்பது, இதுதான் பிழைப்பு.

இந்தோனேசியாவிலிருந்து நிலக்கரிக் கப்பல்கள் அடிக்கடி வரும். அந்தப் பாஷையைப் புத்தகம், ஆப் எதுவும் இல்லாமல் பேசிப் பேசியே பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

வழி ரொம்ப சிம்பிள். கப்பலில் யார் கையில் என்ன இருக்கிறதோ, அதைக் காட்டிப் பெயர் கேட்பேன். இறங்குவதற்குள் அந்தச் சொல்லை நாலு பேரிடம் பேசிப் பார்த்துவிடுவேன். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு திருத்துவார்கள்.

"துறைமுகத்துக்கு வேலைக்குப் போறியளா, டியூசனுக்குப் போறியளா?" என்பாள் என் மனைவி.

(இந்தோனேசிய பாஷை பேசுவேன் என்று இங்கேயே பீற்றிக்கொண்டிருக்கிறேன். லைக் போட்டவர்கள் மன்னிக்கவும்.)

அன்று ஏறிய கப்பலில் அகுஸ் என்று ஒருவன். இஞ்சின் ரூமில் வேலை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான், முகமெல்லாம் வியர்வை.

கேப்டன் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: கப்பல் சாயங்காலம் புறப்படும். என்ன நோய் என்று கண்டுபிடித்து, பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்னால் அகுஸ் வரலாம். இல்லையென்றால் அவனை இங்கேயே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும்.

அகுஸுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கேப்டன் என்ன சொல்கிறார் என்பது புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காரில் என் கையை விடவே இல்லை.

கார் ஓட்டியவர் செல்லத்துரை அண்ணாச்சி. "ஏலே, ஒனக்குத்தான் அவன் பாஷை தெரியுமே. என்ன செய்யுதுன்னு கேளுல" என்றார்.

வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது.

வயிற்றுக்குச் சொல் தெரியாது. வலிக்கும் தெரியாது. கையில் இருப்பதைக் காட்டிக் காட்டித்தானே படித்தேன், வலியை யார் கையில் எடுத்துக் காட்டுவார்கள்?

(போனில் டிரான்ஸ்லேட் பண்ணலாமே என்பீர்கள். பண்ணினேன். அவன் முனகுவதைக் கேட்டு அது ஏதோ சமையல் குறிப்பு எழுதியது. கேப்டனும் போனை எடுக்கவில்லை.)

டாக்டரம்மா உள்ளூர்க்காரர். படபடவென்று ஆரம்பித்தார்.

"எங்க வலிக்கு, எப்பம் இருந்து, காய்ச்சல் உண்டா, யூரின் ஒழுங்கா போகுதா, எல்லாம் கேட்டுச் சொல்லுங்க. தெரியாம மருந்து குடுத்துக் கடலுக்கு அனுப்ப முடியாது."

என்னிடம் இருந்ததெல்லாம் கப்பலுக்கு வரும் நோய்களின் பெயர்கள்தான். வேறு வழியில்லை, அதையே எடுத்தேன்.

அவன் நெற்றியைத் தொட்டு, "மெசின் பனாஸ்?" என்றேன். இஞ்சின் சூடா?

அகுஸ் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்த வலியிலும் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. இல்லை என்று தலையாட்டினான்.

அவன் நெஞ்சைத் தட்டி, "பொம்பா?" பம்ப்?

"பாகுஸ்." நல்லா இருக்கு.

"பீபா?" பைப்?

அவனே என் கையைப் பிடித்துத் தன் முதுகோரத்தில் வைத்து, அங்கிருந்து அடிவயிறு வரை ஒரு கோடு இழுத்தான். "பீபா. மம்பெத்."

"டாக்டர், பைப்பு அடைச்சிருக்காம்."

"எந்தப் பைப்பு?"

விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. "சரி, தண்ணி என்ன நெறத்துல போகுதுன்னு கேளுங்க" என்றார். அவரும் எங்கள் பாஷைக்கு வந்துவிட்டார்.

நிறங்களுக்கு எனக்குச் சொல் தெரியாது. "ஆயிர்?" என்று தண்ணீரை மட்டும் சொல்லிவிட்டு, கேள்வியை முகத்தில் காட்டினேன்.

"ஆயிர் காராத்" என்றான் அகுஸ்.

காராத் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சொல் காதில் விழாமல் எந்தக் கப்பலிலிருந்தும் இறங்கியதில்லை.

"துருத் தண்ணி வருதாம் டாக்டர்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "துருவா? அப்பம் அது ரத்தம். ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போங்க."

சிறுநீர்க் குழாயில் கல். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அகுஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சின்னக் கல்லுதான், தானா இறங்கிரும். மாத்திரை தாரேன், தண்ணி நெறையக் குடிக்கச் சொல்லுங்க. கப்பலுக்குப் போகலாம்."

(தண்ணீர் நிறையக் குடி என்பதை "பீபா, ஃப்ளஷ்" என்று மொழிபெயர்த்தேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.)

திரும்பும்போது காரில் தன் இடுப்பைத் தொட்டு "சாகித்" என்றான். மறுபடியும் சொல்லிக் காட்டினான். நான் சொன்னேன், திருத்தினான், சரியாக வரும்வரை விடவில்லை. வலி.

எத்தனையோ கப்பல் ஏறிவிட்டேன். துருவுக்குக் கூடப் பெயர் கேட்ட எனக்கு, அந்த மனிதர்களின் வலிக்குப் பெயர் கேட்கத் தோன்றவில்லையே என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பதிலுக்கு "வலி" என்று தமிழில் சொல்லிக் கொடுத்தேன்.

செல்லத்துரை அண்ணாச்சி கண்ணாடியில் பார்த்தார். "அத மட்டும் சொல்லிக் குடுத்தா எப்பிடில? இல்லைன்னும் சேத்துச் சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். சாயங்காலம் கப்பல் புறப்பட்டது, அகுஸோடு.

இன்று காலை கேப்டன் நம்பரிலிருந்து போனில் ஒரு படம் வந்தது. உள்ளங்கையில் கடுகளவு ஒரு கல். கீழே ஆங்கிலத்தில், "டிஸ்சார்ஜ் கம்ப்ளீட்டட்."

(சரக்கு முழுவதும் இறக்கியாச்சு என்று கப்பலில் இருந்து எங்கள் ஆபீஸுக்கு அனுப்பும் அதே வாசகம்.)

அடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜ். இஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அகுஸின் குரல்.

"அண்ணாச்சி. வலி இல்லை."

மனைவியிடம் போட்டுக் காட்டினேன். இரண்டாம் தடவையும் போடச் சொல்லிக் கேட்டாள்.

"ஒருக்கா கார்ல வந்ததுக்கே அவரு தேவையான தமிழப் படிச்சிட்டாரு. நீங்க எத்தன கப்பல் ஏறினிய?"