அக்காவின் பச்சைக் கோப்பைகள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. கனடாவில், மல்வேர்னில் அவருடைய வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்ற்றுக்கு ஒருமுறையாவது இறங்கி வந்தவர்களுக்கு அவர் எப்படிப்பட்டவர் என்று நான் எழுதத் தேவையில்லை. வராதவர்களுக்காக எழுதுகிறேன்.

பருத்தித்துறையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அம்மா காலமானபின் சின்னண்ணாவையும் என்னையும் அவரே வளர்த்தார். பிறகு தனியாகப் புறப்பட்டு, அமெரிக்கா வழியாகக் கனடாவுக்கு வந்தார். எல்லையில் அனுமதி கிடைக்கும்வரை அமெரிக்கப் பக்கத்துப் பஃபலோவில் அகதிகள் தங்கும் வீடொன்றில் காத்திருந்தார். அங்கே சமையலுக்கு உதவ வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, இறந்துபோன தன் தாயின் வீட்டைக் காலிசெய்தபோது, பால் கலந்தாற்போன்ற பச்சைக் கண்ணாடிக் கோப்பை ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தார்.

அதிலிருந்து தொடங்கியதுதான் இந்த ஆசை. அத்தானை மணந்து, என்னையும் இங்கே அழைத்துக்கொண்டு, தொழிற்சாலையில் வேலை செய்த காலத்திலும், ஓய்வு கிடைத்தால் எல்லை தாண்டிப்போய்ப் பழைய சாமான் சந்தைகளில் அலைவார். அதே பச்சைக் கோப்பைகள், சோடா விளம்பரத் தகரங்கள், காசு போட்டால் பாடும் பெட்டி, மூடப்பட்ட அமெரிக்கச் சாப்பாட்டுக்கடை ஒன்றின் சிவப்பு இருக்கைகள் என்று பேஸ்மென்ற் நிறைந்தது. கோப்பைகளை மட்டும் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். "பாவிச்சால் கீறல் விழும்" என்பார். எவரும் தொடக்கூடாது.

போரின் கடைசி மாதங்களில் சின்னண்ணா குடும்பத்தோடு வன்னியில் அகப்பட்டிருந்தார். ஒரு தகவலும் இல்லை. அக்கா வேலையால் வந்ததும் கீழே போய்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அத்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"அங்கை சனம் செத்துக்கொண்டிருக்குது. நீர் ஆரோ வெள்ளைக்காரன்ரை கோப்பையைத் துடைக்கிறீர்."

"ஊரிலை எங்கடை வீட்டிலை ஒரு கரண்டிகூட மிஞ்சேல்லை. ஆற்றையோ வீட்டுச் சாமானெண்டாலும் என்ரை கையிலை உடையாமல் இருக்கட்டும்."

அத்தான் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார்.

போர் முடிந்தது என்ற செய்தி வந்த அன்று, இங்கே நடந்த கண்டன ஊர்வலத்துக்குப் போய்விட்டு வந்தவர்களும் அயலவர்களும் அக்கா வீட்டில் கூடினோம். மேலே இடம் போதாமல் கீழே இறங்கி, அந்தச் சிவப்பு இருக்கைகளில் நெருங்கி உட்கார்ந்தோம். அக்கா அலுமாரியைத் திறந்து, அத்தனை கோப்பைகளிலும் தேநீர் கொண்டுவந்தார்.

"அக்கா, கீறல் விழுமே?" என்றேன்.

"விழட்டும். ஆறமுன்னம் குடியுங்கோ."

அடுத்த கிழமை தொலைபேசி வந்தது. சின்னண்ணாவும் மகளும் முகாமில் உயிரோடு இருந்தார்கள். அண்ணி இல்லை. அக்கா தொலைபேசியில் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இஞ்சை வா."

அவர்கள் வந்துசேரச் சில ஆண்டுகள் எடுத்தன. அதற்குள் அக்கா பாட்டுப்பெட்டியையும் தகரங்களையும் கேட்டவர்களுக்குக் கொடுத்து, பேஸ்மென்ற்றில் இரண்டு அறைகள் கட்டுவித்திருந்தார். கோப்பைகள் மேலே குசினிக்கு, அன்றாடச் சமையல் பாவனைக்கு வந்தன. சின்னண்ணாவின் மகள் சிலவற்றை உடைத்தாள். அக்கா கண்டுகொள்ளவில்லை. சின்னண்ணா அண்ணியைப் பற்றி வாய் திறந்ததில்லை. அக்காவும் கேட்டதில்லை.

நோய் முற்றி அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு பின்னேரம் சின்னண்ணா தானாகவே தொடங்கினார். அண்ணியின் கடைசி நாட்களை முழுதாகச் சொன்னார். கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவளுக்கு ஏதும் சாப்பிடக் கிடைச்சதோ?"

"ஓம் அக்கா. கஞ்சி கிடைச்சது. பாதியைப் பிள்ளைக்குக் குடுத்திட்டாள்."

அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாட்களின் பின் அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவைப் பார்க்க விட்பி, மார்க்கம் நகரங்களிலிருந்து ஓடிவந்த உறவினருக்கும், சமைத்து அனுப்பிய அயலவருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பின்னேரம் மருந்தோடு வந்து, சின்னண்ணா பேசுவதைக் கண்டதும் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போன, பெயர் தெரியாத தாதிக்கும்.

தங்கை